பதநீரைத் தள்ளுவது யார்?

பனையேறி பாளையின் நுனியை மெல்லிசாகச் சீவி, சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். மறுநாள் காலையில் கலயத்தில் பதநீர்! வேர் உறிஞ்சும் தண்ணீரில் இனிப்பே இல்லை. பாளையில் சொட்டுவது மட்டும் எப்படி இனிக்கிறது?

மரத்துக்குள் இரண்டு பாதைகள் உண்டு. வேர் எடுக்கும் தண்ணீரும் தாது உப்புகளும் சைலம் வழியாக மேலே போகும். ஓலைகள் வெயிலில் தயாரிக்கும் சர்க்கரை புளோயம் வழியாகப் போகும். பதநீர் வருவது புளோயத்திலிருந்துதான்.

புளோயத்தில் நீளமான செல்கள் முனையோடு முனை சேர்ந்து சல்லடைக் குழாயாக நிற்கின்றன. இந்தச் செல்களுக்கு உட்கருவே கிடையாது! சாறு ஓட இடம்விட்டு அதை இழந்துவிடுகின்றன. ஒட்டியிருக்கும் துணைச் செல்கள்தான் அவற்றை உயிரோடு காக்கின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீராத செய்தி இது.

சரி, சாற்றைத் தள்ளுவது எது? உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போடுங்கள். உள்ளே சர்க்கரை அதிகம் என்பதால் தண்ணீரை இழுத்து உப்பிவிடும். ஓலையிலும் இதுவே நடக்கிறது. சல்லடைக் குழாயில் சர்க்கரை ஏறியதும், பக்கத்துச் சைலத்திலிருந்து தண்ணீர் புகுந்து அழுத்தம் கூடுகிறது. குருத்து, பூ, காய், வேர் எல்லாம் சர்க்கரையை எடுத்துக்கொள்வதால் அங்கே அழுத்தம் குறைவு. அங்கே பார்த்துச் சாறு ஓடுகிறது, மேலேயானாலும் கீழேயானாலும். பல செடிகளில் அதன் வேகம் மணிக்குச் சுமார் ஒரு மீட்டர். 1930இல் இந்த விளக்கத்தை வெளியிட்டவர் ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் மூன்ச்.

பாளையைச் சீவினால், பூவுக்குப் போக வேண்டிய சாறு வெட்டுவாயில் வழிகிறது. ஆனால் செடிகள் காயத்தைச் சும்மா விடாது. கேலோஸ் என்ற பொருளால் சல்லடை ஓட்டைகளை மூடிவிடும். அதனால்தான் பனையேறி விடாமல் ஏறிச் சீவுகிறார்.

இந்த அடைப்பு ஆராய்ச்சியாளர்களையும் திணறடித்தது. சுத்தமான புளோயச் சாற்றை எடுப்பது எப்படி? அசுவினிப் பூச்சி உதவியது. மயிரைவிட மெல்லிய வாயூசியை ஒரே ஒரு சல்லடைக் குழாயில் செருகி, அடைப்பு உண்டாகாமல் குடிப்பது அதற்குக் கைவந்த கலை. 1953இல் கென்னடி, மிட்லர் என்ற இருவர், குடித்துக்கொண்டிருந்த அசுவினியிடமிருந்து வாயூசியைத் துண்டித்தார்கள். தண்டில் நின்ற ஊசியின் நுனியில் சாறு தொடர்ந்து கசிந்தது. உறிஞ்ச யாருமில்லை, செடிக்குள் இருந்த அழுத்தமே வெளியே தள்ளியது!

அவரைக்கொடியில் கறுப்பு அசுவினிகள் மொய்த்திருந்தால் உற்றுப் பாருங்கள். குடித்த சர்க்கரையில் மிஞ்சியதை அவை பின்புறத்தில் துளித்துளியாக விடும். எறும்புகள் அவற்றையே சுற்றுவது அந்தத் துளிகளுக்காகத்தான்.