தகவல் துளி: தொடர் முடிந்த பின் எழுதப்படும் பகுதிகள்

ஒரு தொடரின் பாத்திரங்களையும் அது படைத்த உலகையும் எடுத்துக்கொண்டு, மூல ஆசிரியர் எழுதாத நிகழ்வுகளை இரசிகர்களே கதைகளாக எழுதுவது இரசிகர் புனைவு எனப்படும். அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ஸ்டார் ட்ரெக் என்னும் அறிவியல் புனைகதைத் தொடருக்கு 1967 இலேயே ஸ்பொக்கனேலியா என்ற இரசிகர் இதழ் வெளிவந்ததுடன், அத்தகைய கதைகளின் தொகுப்பொன்று 1976 இல் நூலாகவும் அச்சேறியது. ஸ்டார் ட்ரெக்கின் வழித்தொடருக்கு இரசிகராக இருந்து பிரதி எழுதிக்கொடுத்த ரொனால்ட் டி. மூர், அப்பிரதி 1989 இல் ஒளிபரப்பானதையடுத்து அத்தொடரின் எழுத்தாளர் குழுவிலேயே இடம்பெற்றார்.

இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், 1973 இல் தாம் எழுதிய ராமா விண்கலக் கதையின் தொடர்ச்சிகளை ஜென்ட்ரி லீயுடன் இணைந்து வெளியிட்டார். ஆசிரியரே உடன்பட்டமையால் அவை இரசிகர் புனைவாகா. கண்டியிலுள்ள ஒருவர் அதே விண்கலத்தை ஹந்தானை மலைக்கு மேலே கொண்டுவந்து புதிய பகுதியொன்றை எழுதி வெளியிட விரும்பினால், உரிமையாளரின் அனுமதியைப் பெறுவதே முறையாகும். ஏனெனில், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், தழுவி எழுதும் உரிமையையும் உள்ளடக்கிய பதிப்புரிமையை, ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பாதுகாக்கிறது. எனினும் எண்ணக்கரு எவருக்கும் தனியுரிமையன்று என்பதால், பாத்திரங்களையும் விண்கலத்தையும் தாமே படைத்து எழுதுவோருக்கு அத்தடை இல்லை.