வயர் தாங்குமா? காகிதத்தில் கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்

மும்பையில் ஒரே அறையில் குடித்தனம் நடத்தும் தமிழர் வீடுகளில் சுவிட்சுப் பலகை பெரும்பாலும் ஒன்றுதான். விளக்கு, மின்விசிறி, டி.வி. எல்லாவற்றுக்கும் அதுவே கதி. காலையில் வெந்நீர் வைக்கும் ஹீட்டர் கம்பியும், ஆபீசுக்குப் போகிறவரின் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டியும் அதே பலகையில் மல்டி பிளக் ஒன்றைச் செருகி ஓட்டப்படுகின்றன. பிளக் சூடாகும், கருகின வாடை வரும். "வயர் பழசு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஒரு நாள் அது தீயாகப் பிடித்தால், நெருக்கமான சாலில் பக்கத்து அறைகளும் தப்பாது. வயரின் மேல் பழி போடுமுன் இரண்டு வரிக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

பூட்டுத் தொழிலாளியின் மகன்

மின்சாரத்தைத் தண்ணீர்க் குழாயோடு ஒப்பிடலாம். தண்ணீரைத் தள்ளும் அழுத்தம் போன்றது வோல்ட். குழாயில் ஓடும் நீரின் அளவு போன்றது ஆம்பியர். ஓட்டத்தைத் தடுக்கும் குறுகலான குழாயின் தன்மை போன்றது ஓம், அதாவது மின்தடை. இந்த மூன்றுக்கும் உள்ள உறவை 1827-ல் புத்தகமாக வெளியிட்டவர் ஜெர்மன் நாட்டு ஜார்ஜ் ஓம். பூட்டுத் தொழிலாளியின் மகன். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்தவர்.

அவர் கண்ட விதி இதுதான்: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை ஓமில் கிடைக்கும். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் கிடைப்பது மின்சக்தி, அதாவது வாட்.

வீட்டுக் கணக்கு

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். ஹீட்டர் கம்பியின் மேல் 1500 வாட் என்று போட்டிருக்கிறது. 1500-ஐ 230-ஆல் வகுத்தால் சுமார் 6.5 ஆம்பியர். 230-ஐ இந்த 6.5-ஆல் வகுத்தால் சுமார் 35 ஓம். அதுதான் கம்பியின் மின்தடை. 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு இதே கணக்கில் 4.35 ஆம்பியர், சுமார் 53 ஓம். மின்தடை குறைந்தால் ஓட்டம் கூடும் என்பது இதிலிருந்தே விளங்கும். (மோட்டார் உள்ள மின்விசிறி, பிரிஜ் போன்றவற்றுக்கு இந்தப் பெருக்கல் கொஞ்சம் கூடுதலாகவே வாட் காட்டும். ஹீட்டர், இஸ்திரிப் பெட்டிக்குச் சரியாக இருக்கும்.)

இப்போது சுவிட்சுப் பலகையைப் பாருங்கள். சிறிய பிளக்கில் 6 ஆம்பியர் என்று எழுதியிருக்கும், பழையதானால் 5. ஹீட்டர் ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் கிட்டத்தட்ட 11 ஆம்பியர். இரண்டு மடங்குச் சுமை!

சூடு ஏன் பாய்ந்து ஏறுகிறது?

மின்தடை உள்ள இடத்தில் உண்டாகும் சூட்டைக் கணக்கிட, ஆம்பியரை அதே ஆம்பியரால் பெருக்கி, வரும் தொகையை ஓமால் பெருக்க வேண்டும். பிளக்கில் லூசான இணைப்பு ஒன்றில் அரை ஓம் மின்தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். இஸ்திரிப் பெட்டி மட்டும் ஓடினால் அங்கே சுமார் 9.5 வாட் சூடு. ஹீட்டரையும் சேர்த்தால் சுமார் 59 வாட்! ஓட்டம் இரண்டரை மடங்கு கூடியது. சூடோ ஆறு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. 60 வாட் குண்டு பல்பை பிளக்குக்குள் அடைத்து வைத்தது போலத்தான். பிளாஸ்டிக் உருகாமல் என்ன செய்யும்?

ரயிலுக்கும் இதே விதி

மும்பைத் தமிழர்கள் தினமும் ஏறும் லோக்கல் ரயிலும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதுதான். 1925 பிப்ரவரி 3-ந் தேதி விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்கு நாட்டின் முதல் மின்சார ரயில் ஓடியது 1500 வோல்ட்டில். பின்னாளில் மும்பைப் பாதைகள் படிப்படியாக 25,000 வோல்ட்டுக்கு மாற்றப்பட்டன. கடைசியாக ஹார்பர் பாதை 2016-ல் மாறியது. ஒரு ரயிலுக்கு 30 லட்சம் வாட் வேண்டும் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால், 1500 வோல்ட்டில் 2000 ஆம்பியர் ஓடவேண்டும். 25,000 வோல்ட்டில் 120 ஆம்பியர் போதும். ஓட்டம் குறைந்தால் கம்பியில் சூடாக வீணாவதும் பெருமளவு குறையும்.

மீட்டருக்கும் உதவும்

ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். 1500 வாட் ஹீட்டர் தினம் அரை மணி ஓடினால் முக்கால் யூனிட். முப்பது நாளுக்கு 22½ யூனிட். ஹீட்டருக்கென்று வீட்டுக்காரர் தனிப் பணம் கேட்டால், இந்த எண்ணை யூனிட் விலையால் பெருக்கிக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.

வோல்டேஜ் குறைந்த நாளில் வெந்நீர் தாமதமாவதற்கும் விடை இதிலேயே உண்டு. 200 வோல்ட்தான் வந்தால், அதே 35 ஓம் கம்பியில் 5.7 ஆம்பியர்தான் ஓடும். சக்தி சுமார் 1140 வாட்டாக இறங்கிவிடும். கம்பி கெட்டுவிட்டது என்று புதிது வாங்க ஓட வேண்டியதில்லை.

செய்ய வேண்டியது

ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பெரிய பிளக் தனியாக வேண்டும். அதற்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்பு வயரும் எர்த் இணைப்பும் இருக்க வேண்டும். பியூஸ் அடிக்கடி போகிறதென்று தடித்த கம்பியைக் கட்டுவது கூடாது. உருகவேண்டியது பியூஸ் கம்பி, சுவருக்குள் போகும் வயர் அல்ல. பெரிய பிளக் போடும்வரை இஸ்திரிப் பெட்டியை மட்டும் தனியாக ஓட்டுங்கள். வெந்நீரை அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.