தரையும் நாகரிகமும்

வீட்டின் உறுப்புகளுள் மிகுதியாக உழைப்பது தரையே. குழந்தை தவழ்வதும், முதியோர் காலூன்றி நடப்பதும், இல்லத்தார் இருந்து உண்பதும், பாய் விரித்து உறங்குவதும் அதன் மீதுதான். இத்துணைப் பயன் தரும் தரையே நாகரிக மாறுதலுக்கு எளிதில் இரையாகிறது. ஒரு தலைமுறையினர் ஆசையோடு அமைத்த தரையை அடுத்த தலைமுறையினர் ‘பழைய பாணி’ என்று கூறிப் பெயர்த்து எறிகின்றனர். அத்தரை உண்மையாகவே பயனற்றுப் போயிற்றா, அன்றிப் பார்ப்போர் கண்தான் சலித்துப் போயிற்றா என்பது ஆராயத்தக்கது.

முற்காலத்தில் தமிழ்நாட்டின் எளிய வீடுகளில் மண்ணைத் திமிசுக் கட்டையால் இறுக்கிச் சாணம் மெழுகித் தரை அமைத்தனர். அத்தரை கோடையிலும் குளிர்ச்சி தந்தது. ஆயினும் அதனை அடிக்கடி மெழுக வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் ஈரம் ஊறியது. வசதி உடையோர் செங்கல் பரப்பிச் சுண்ணாம்புச் சாந்து பூசினர். 1824-ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜோசப் ஆஸ்ப்டின் என்பவர் போர்ட்லண்டு சிமெண்டிற்கு உரிமம் பெற்றார். அச்சிமெண்டு நாளடைவில் உலகெங்கும் பரவியபோது, தரை அமைக்கும் முறையும் மாறியது.

சிமெண்டுத் தரைகளுள் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெருவழக்குப் பெற்றது சிவப்புத் தரையாகும். இரும்பு ஆக்சைடு என்னும் செந்நிறப் பொடியைச் சிமெண்டுடன் கலந்து, ஈரம் காயாத தளத்தின் மேல் மெல்லிய பூச்சாகப் பரப்புவர். பின்னர்க் கொத்தனார் கரணையால் அழுத்தி அழுத்தித் தேய்த்து வழவழப்பாக்குவார். ஓர் அறையின் தரையை இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் முடித்தல் வேண்டும். இல்லையேல் இணைப்புத் தழும்பு தெரியும். பூச்சு இறுகியபின் பல நாள் நீர் தேக்கிப் பதப்படுத்துவர். சில வீடுகளில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைப்பர். நன்கு அமைந்த சிவப்புத் தரை, ஆண்டுகள் செல்லச் செல்ல மெருகு கூடிக் கண்ணாடிபோல் விளங்கும்.

ஆனால் இதன் அழகு முழுவதும் கைத்திறனைச் சார்ந்தது. பொடி அளவுக்கு மிஞ்சினால் நிறம் காலிலும் துணியிலும் ஒட்டும். நீர் தேக்கும் நாள் குறைந்தால் பூச்சு வெடிக்கும். வெடிப்பை அடைத்தாலோ, புதிய சிவப்பும் பழைய சிவப்பும் ஒன்றுபடாமல் ஒட்டுப் போட்ட ஆடைபோல் தோன்றும். தேர்ந்த கொத்தனார் அருகிய காலத்தில் குறையுள்ள தரைகள் பெருகின. அவற்றைக் கண்ட மக்கள், குறை வேலையில் இருந்ததை மறந்து, சிவப்புத் தரையையே அழகற்றது என்று ஒதுக்கலாயினர்.

அடுத்துச் செல்வாக்குப் பெற்றது மொசைக் தரை. மொசைக் என்னும் சொல் வண்ணத் துண்டுகளைப் பதித்து உருவம் அமைக்கும் கலையையே குறிக்கும். தமிழ்நாட்டில் அப்பெயரால் வழங்கும் தரையை மேல்நாட்டார் டெராசோ என்பர். இத்தாலி நாட்டின் வெனிசு நகரக் கைவினைஞர் சலவைக்கல் வேலையில் எஞ்சிய துண்டுகளை வீணாக்காமல் சாந்தில் பதித்துத் தேய்த்துத் தரையாக்கினர். கழிவிலிருந்து பிறந்த அம்முறையே, பிற்காலத்தில் சிமெண்டின் துணைகொண்டு பல நாடுகளிலும் பரவியது. சலவைக்கற் சில்லுகளைச் சிமெண்டில் கலந்து பரப்பி, இறுகியபின் சாணைக்கல் பூட்டிய இயந்திரத்தால் நீர் விட்டுத் தேய்ப்பர். அப்போது சில்லுகளின் உள்முகம் வெளிப்பட்டு மின்னும். 1960 முதல் 1980 வரையிலான ஆண்டுகளில் நகரத்து நடுத்தரக் குடும்பத்தார் பலர் தம் வீட்டில் மொசைக் தரை அமைவதைப் பெருமையாகக் கருதினர்.

பள்ளி, மருத்துவமனை, அலுவலகம் என எங்கும் இத்தரை பெருகியது. எங்கும் காணப்படும் பொருளில் கண் சலிப்படைவது இயல்பு. மேலும், சலவைக்கல் அமிலத்திற்கு ஆற்றாதது. எலுமிச்சைச் சாறும் புளிக்கரைசலும் சிந்தினால் மெருகு குன்றும். அமிலம் விட்டுக் கழுவினால் மேற்பரப்பே அரிக்கப்படும். இதை அறியாதார் பலர் அமிலம் இட்டுக் கழுவித் தம் தரையைத் தாமே மங்கச் செய்தனர். பின்னர் மொசைக் என்றாலே மங்கல் என்று கூறினர். உண்மையில் சில்லுகள் மேற்பூச்சின் முழுத் தடிப்பிலும் கலந்திருப்பதால், மங்கிய தரையை மீண்டும் தேய்த்தால் புதிய முகம் கிடைக்கும்.

வழக்கு ஒழியும் நிலையிலிருந்து மீண்டு வந்ததற்குச் சான்றாக விளங்குவது ஆத்தங்குடிக் கல். சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகில் உள்ள ஆத்தங்குடி என்னும் ஊரில் இக்கற்கள் கையினால் செய்யப்படுகின்றன. கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதனுள் பூ வடிவம் கொண்ட உலோக அச்சை அமைப்பர். அச்சின் அறைகளில் வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, அதன் மேல் மணலும் சிமெண்டும் இட்டு அழுத்துவர். இறுகிய கல்லை நீரில் ஊறவைத்து உலர்த்துவர். கண்ணாடியைத் தொட்டிருந்த முகம், சூளையில் சுடாமலே பளபளப்புப் பெறும். செட்டிநாட்டு மாளிகைகளை அழகு செய்த இக்கற்களும் ஒரு காலத்தில் பழம்பாணி எனப் புறக்கணிக்கப்பட்டன. பின்னர்க் கைத்தொழிலின் அருமை உணரப்பட்டபோது, அக்கற்களையே மக்கள் மீண்டும் தேடிச் சென்றனர். கல் மாறவில்லை, காண்போர் கருத்தே மாறியது.

1990-ஆம் ஆண்டுக்குப் பின் ஆலைகளில் செய்த பீங்கான் ஓடுகளும் விட்ரிஃபைடு ஓடுகளும் விரைந்து பரவின. விட்ரிஃபைடு ஓடு ஏறக்குறைய 1200 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடப்படுவது. தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்கு நீரைக்கூட உறிஞ்சாதது. ஆதலால் கறை படிவது அரிது, துடைப்பதும் எளிது. விரைவில் பதித்து முடிக்கலாம். இவை மறுக்கவியலாத நன்மைகள். எனினும் மெருகேற்றிய ஓட்டின் மேல் நீர் சிந்தினால் கால் வழுக்கும். முதியோர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், அத்துன்பம் நெடுங்காலம் நீடிக்கும். மேலும், மேற்பரப்பில் வண்ணம் அச்சிட்ட ஓடு தேய்ந்தாலோ உடைந்தாலோ மொசைக்கைப்போல் தேய்த்துப் புதுப்பிக்க இயலாது. மாற்று ஓடு தேடினால், அவ்வகை செய்யப்படுவதே நின்றிருத்தலும் கூடும்.

தரையைப் பழித்துப் பின் போற்றுதல் தமிழ்நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. இங்கிலாந்தில் பிரெடரிக் வால்டன் என்பவர் 1863-ஆம் ஆண்டில் லினோலியம் என்னும் தரைவிரிப்புக்கு உரிமம் பெற்றார். ஆளிவிதை எண்ணெய், பிசின், தக்கைத்தூள் முதலியவற்றைக் கலந்து சணல் துணியின்மேல் படியச் செய்வது அது. இருபதாம் நூற்றாண்டின் இடையில் மலிவான வினைல் விரிப்புகள் வந்தபோது, லினோலியம் பழைய சமையலறைப் பொருள் என இகழப்பட்டது. பின்னர், இயற்கைப் பொருள்களால் ஆனது என்னும் சிறப்பால் அது மீண்டும் விரும்பப்பட்டது.

ஆயினும் பழையன எல்லாம் போற்றத்தக்கன என்று முடிவு செய்தலும் தவறு. அதே இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கல்நார் கலந்த தரை ஓடுகள் பல வீடுகளில் பதிக்கப்பட்டன. உடையாத வரையில் அவற்றால் பெருந்தீங்கு இல்லை. உடைத்தாலோ தேய்த்தாலோ கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிழைகள் காற்றில் கலந்து, மூச்சின் வழியே நுரையீரலை அடைந்து, புற்றுநோய் முதலிய கொடிய நோய்களை விளைவிக்கும். ஆகவே, அத்தரையை அழகற்றது என்று தாமே பெயர்க்க முற்படுவோர், தமக்கும் குடும்பத்தார்க்கும் தீங்கு தேடிக்கொள்வர். பயிற்சி பெற்றோரே அதனை அகற்றுதல் வேண்டும்.

ஒரு தரையைப் பெயர்ப்பதால் வரும் இழப்பு பணம் மட்டுமன்று. மொசைக் தரையின் இடிபாடு முன்போல் மீண்டும் தரையாவதில்லை. பள்ளங்களிலும் நீர்நிலைகளின் கரைகளிலும் அது கொட்டப்படுவதுண்டு. கட்டட இடிபாடுகளை ஒழுங்காகக் கையாள்வதற்கென இந்திய அரசு 2016-ஆம் ஆண்டில் தனி விதிகளை வகுத்தமை, அக்கேட்டின் அளவைக் காட்டும். புதிய ஓட்டைச் சுடுவதற்கும் எரிபொருள் வேண்டும். சிமெண்டு ஆக்குவதற்குச் சுண்ணாம்புக்கல்லை எரிக்கும்போது கரியமில வாயு வெளிப்படும்.

ஆதலின் பழைய தரையை மாற்ற எண்ணுவோர் முதலில் சிலவற்றைச் சிந்தித்தல் நன்று. அத்தரை நடப்போர்க்குத் தீங்கு செய்கிறதா? செப்பனிட இயலாதவாறு சிதைந்துவிட்டதா? இரண்டும் இல்லையெனில், மங்கியது தரையின் மெருகு மட்டுமே. சிறிது உழைப்பும் நல்ல தொழிலாளியின் கையும் அம்மெருகை மீட்டுத் தரும். தரையின் தகுதியை அறிதற்குரிய அளவுகோல், அது வந்த ஆண்டு அன்று. அதன்மேல் நடக்கும் குழந்தையும் முதியோரும் அச்சமின்றி நடக்கின்றனரா என்பதே ஆகும்.