ஆவி அடுப்பும் முந்திரிக் கொட்டையும்

வங்கி வேலையில் ஓய்வு பெற்று, குறிஞ்சிப்பாடி பக்கம் மூணு ஏக்கரில் மண்வெட்டி பிடிக்க ஆரம்பித்து எட்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் மகள் ஒரு ஸ்டீம் கன்வெக்ஷன் ஓவன் வாங்கிக் கொடுத்தாள். அதில் ஆவியில் வேகவைக்கலாம். விசிறி வைத்துச் சூடான காற்றைச் சுழலவிட்டு உலர்த்தலாம், வாட்டலாம். "இயற்கை விவசாயிக்கு இது எதுக்கு சார்?" என்று நம் கூட்டத்தில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நம்ம கடலூர் மாவட்டத்தில் வெயிலை நம்பி முருங்கைக்கீரையைக் காயப்போட்டுப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும்.

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் இந்தப் பக்கத்து முந்திரித் தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பிறகு, எனக்கு நிலம் விற்றவர் நட்டு வைத்த மரங்கள் என்னிடம் கொஞ்சம் உண்டு. ஓவன் வந்த முதல் வாரமே, ஓட்டோடு ஒரு தட்டு முந்திரிக் கொட்டையை உள்ளே வைத்து 180 டிகிரியில் விட்டேன். பத்து நிமிஷத்தில் வீடெல்லாம் புகை. கண் எரிச்சல், தொண்டைக் கமறல். சுவிட்சை அணைத்து, கதவைத் திறக்காமல் வெளியே ஓடி வந்ததுதான் அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். திறந்திருந்தால் காற்றுப் பட்டுத் தீப்பிடித்திருக்கும்.

ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை வேகவைக்கும், தீயும் பிடிக்கும். முந்திரியும் சேராங்கொட்டையும் ஒரே குடும்பம் என்றால் புரிந்துவிடும். பண்ருட்டிப் பக்கம் கொட்டை உடைக்கும் பெண்கள் கையில் விளக்கெண்ணெயும் சாம்பலும் தடவிக்கொள்வது இதற்காகத்தான். இப்போது பல பட்டறைகளில் பாய்லர் ஆவியில் கொட்டையை அவித்து, ஆறவிட்டு, கத்தியில் உடைத்து, பிறகு பருப்பைப் போர்மா என்கிற சூட்டறையில் உலர்த்துகிறார்கள். யோசித்துப் பார்த்தால், நம் வீட்டு ஓவனும் செய்வது இதே இரண்டு வேலைதான். ஆனால் அவிப்பதும் உடைப்பதும் பட்டறை வேலை. ஓடு எந்தக் காரணம் கொண்டும் வீட்டு ஓவனுக்குள் போகக்கூடாது.

உடைத்த பருப்பை உலர்த்துவது வீட்டில் நன்றாகவே வருகிறது. தெரிந்தவர் பட்டறையில் உடைத்து வாங்கிய, சிவப்புத் தோல் நீங்காத பருப்பைத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி, விசிறியோடு 65 முதல் 70 டிகிரியில் ஆறேழு மணி நேரம். தோல் மொறுமொறுவென்று ஆகி, விரலால் நெருடினாலே உதிரும். அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் பருப்பு சிவந்து போகும், விலையும் போகும்.

ஆவிக்கு வருவோம். இட்லிப் பானை மூடியை எப்படித் திறப்பது என்று நம் வீட்டுப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் ஓவன் கதவு முன்பக்கம் திறக்கிறது. மொத்த ஆவியும் முகத்துக்கு நேரே வருகிறது. என் மனைவிக்கு முழங்கை வரை வெந்துவிட்டது. கொதிநீரை விட ஆவி ஏன் மோசம்? ஒரு கிராம் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏற 70 கலோரி போதும். ஆவியாக மாற மேலும் 540 கலோரி வேண்டும். பழைய பேங்க்காரன் பாஷையில் சொன்னால், அந்த 540 கலோரி டெபாசிட்டாக உள்ளே கிடக்கிறது. ஆவி உங்கள் தோலில் பட்டுத் தண்ணீராகும்போது அத்தனையையும் ஒரே நொடியில் திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

அதனால் ஆவியை நிறுத்திவிட்டு ரெண்டு நிமிஷம் காத்திருங்கள். பக்கவாட்டில் நின்று, கதவை முதலில் நாலு விரல் அளவு மட்டும் திறந்து ஆவியை வெளியே விடுங்கள். ஈரத்துணி பிடித்துத் தட்டை எடுக்காதீர்கள். ஈரத்தின் வழியே சூடு சட்டென்று கைக்கு வந்துவிடும். பட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டுங்கள். இங்க், பேஸ்ட், நெய் எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதானால் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

முருங்கைக்கீரைக்கு நான் செய்வது இது: உருவிக் கழுவிய கீரைக்கு ஒன்றரை நிமிஷம் ஆவி. கீரையை மங்கவைக்கும் நொதிகள் அதில் அடங்கி, பச்சை நிற்கிறது. பிறகு ஆவியை நிறுத்தி, 50 முதல் 55 டிகிரியில் விசிறிக் காற்று. உள்ளே சேரும் ஈரம் வெளியேற வழி வேண்டும். கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி வைப்பேன். கதவு திறந்தால் நின்றுவிடும் ஓவன் என்றால், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்து மூடுங்கள். கையில் கசக்கினால் பொடியாக வேண்டும். வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, டப்பாவில் பூசணம் வரும். பலாச்சுளை என்றால் 60 டிகிரி. சூடு அதிகமானால் மேல்தோல் மட்டும் இறுகி, உள்ளே ஈரம் சிறைப்பட்டுவிடும்.

கரண்ட் கணக்கு? ஒரு கிலோ கீரையில் முக்கால் கிலோவுக்கு மேல் தண்ணீர்தான். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கக் கணக்குப்படி 0.63 யூனிட் போதும். ஆனால் கதவு வழியே போகும் சூட்டையும் சேர்த்தால் அதைப்போல ரெண்டு மூணு மடங்கு ஆகிறது. வெயில் இருக்கும் நாளில் சூரிய உலர்த்திதான் லாபம். ஓவன் மழைக்காலத்துக்கும் சிறு அளவுக்கும் மட்டுமே. இதை நம்பி வியாபாரம் தொடங்காதீர்கள். எர்த் சரியாக உள்ள தனி 16 ஆம்பியர் பிளக் அவசியம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டவே கூடாது. மழைக்காலத்தில் ஈரச் சுவரும் பழைய ஒயரிங்கும் உள்ள வீடுகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன்.

சிதம்பரம் கொத்சுக்குக் கத்தரிக்காய் சுடுவதற்கும் என் மனைவி இப்போது இதைத்தான் பயன்படுத்துகிறாள். முள்கரண்டியால் நாலு இடத்தில் குத்திவிட்டு, எண்ணெய் தடவி, 200 டிகிரியில் அரை மணி. குத்தாமல் வைத்தால் வெடிக்கும். கரி அடுப்பில் சுட்ட மணம் வரவில்லை என்பது என் கட்சி, அவள் ஒத்துக்கொள்வதில்லை.

எங்கள் போர்த் தண்ணீர் உப்பு அதிகம். ஆவித் தொட்டியில் ஆறே மாதத்தில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. இப்போது பிடித்து வைத்த மழைத்தண்ணீரை வடிகட்டி ஊற்றுகிறோம். மாதம் ஒருமுறை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரைத் தொட்டியில் அரை மணி ஊறவைத்து, கொட்டிவிட்டு, ரெண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசுகிறோம்.