அமெரிக்காவில் ஒரு 'கீதை கொலு': களிமண் பொம்மைகள் தத்துவம் சொல்வது எப்படி?

நவராத்திரி கொலுவில் தசாவதார செட் முன்னாடி நின்று பாட்டியிடம் கதை கேட்டிருக்கிறீர்களா? அதே ஐடியாவில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு மியூசியமே இருக்கிறது. பெயர், பகவத் கீதை மியூசியம். 1977-ல் இஸ்கான் கோயிலை ஒட்டித் தொடங்கப்பட்டது.

யாருடைய ஐடியா?

இஸ்கான் நிறுவனர் பிரபுபாதா 1965-ல் சரக்குக் கப்பலில் அமெரிக்கா போனபோது அவருக்கு வயது 69. சமஸ்கிருதம் தெரியாதவர்களுக்கு 700 சுலோகங்களை எப்படிப் புரியவைப்பது? புத்தகம் ஒரு வழி. இன்னொரு வழி, பொம்மை. 1970-களில் தன் மேற்கத்திய சீடர்கள் சிலரை மேற்கு வங்கத்தின் மாயாபூருக்கு வரவழைத்து, வங்காளக் கைவினைஞர்களிடம் மண் பொம்மைக் கலையைக் கற்றுக்கொள்ள வைத்தார்.

எப்படிச் செய்கிறார்கள்?

துர்கா பூஜை சிலைகளின் டெக்னிக்தான். மூங்கில், வைக்கோலில் உருவம் கட்டி, உமி கலந்த களிமண்ணைப் பூசிக் காயவைப்பார்கள். விரிசல் விட்டால் மண் குழைத்த துணி ஒட்டி, பிறகு வண்ணம். சூளையில் சுடுவதில்லை. அதனால்தான் ஆற்றில் விட்டால் கரைந்துவிடுகிறது.

உள்ளே என்ன?

ஒவ்வொரு காட்சியாக ஒளி, ஒலியோடு உயிர் பெறுகிறது. போர்க்களத்தில் கலங்கி நிற்கும் அர்ஜுனன் ஒரு காட்சி. குழந்தை, இளைஞன், முதியவர் என ஒரே உயிர் உடல் மாறிக்கொண்டே போவது இன்னொன்று. 'உடல் மாறும், ஆன்மா மாறாது' என்பதைப் பக்கம் பக்கமாகப் படிப்பதைவிட, அந்த வரிசையைப் பார்த்தால் சட்டெனப் பிடிபடும்.

ஒன்றைக் கவனியுங்கள்

கீதைக்கு சங்கரர், ராமானுஜர், மத்வர் என மூவரும் வெவ்வேறு உரை எழுதியிருக்கிறார்கள். இங்கே நீங்கள் பார்ப்பது வங்காள வைணவ மரபின் பார்வை. பொம்மை பளிச்சென்று ஒரு அர்த்தத்தைக் காட்டிவிடும். மற்ற அர்த்தங்களைத் தேடுவது நம்ம வேலை.

இன்னொரு முரணும் உண்டு. பூஜை முடிந்ததும் கரைவதற்காகப் பிறந்த கலை இது. மியூசியத்திலோ அது வருஷக்கணக்கில் நிற்க வேண்டும். உடல் நிலையில்லாதது என்று சொல்லும் பொம்மையையே விரிசல் பார்த்து, வண்ணம் பூசிக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது!

அடுத்த நவராத்திரிக்குக் கொலு வைக்கும்போது, வீட்டுக் குட்டீஸுக்கு ஒரு பொம்மையின் கதையையாவது சொல்லிப் பாருங்கள். மியூசியம் செய்வதும் அதைத்தான்.