கல்லும் கருத்தும்

"கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்பது நம் நாட்டுப் பழமொழி. கல்லில் வடித்த நாயைக் குறித்து எழுந்த மொழி இது என்று பெரியோர் விளக்கம் கூறுவர். கல் என்று பார்ப்பவன் கண்ணுக்கு நாய் மறைந்துவிடுகிறது. நாய் என்று பார்ப்பவன் கண்ணுக்குக் கல் மறைந்துவிடுகிறது. பொருள் ஒன்றுதான், பார்வைகள் இரண்டு. உலகச் சமயங்கள் வளர்த்த திருக்கலைகளைப் புரிந்துகொள்ள இப்பழமொழி ஒரு நல்ல திறவுகோல்.

நம் பள்ளியில் பல சமயத்தவரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கிறோம். "நீங்கள் சுரூபத்தைத்தானே கும்பிடுகிறீர்கள்?" என்று கத்தோலிக்கப் பெண்ணிடம் ஒருத்தி கேட்பாள். அந்தக் கத்தோலிக்கப் பெண்ணே தன் இந்துத் தோழியிடம் அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பாள். "பள்ளிவாசலில் ஒன்றுமே இல்லையாமே, எதைப் பார்த்துத் தொழுவீர்கள்?" என்று இஸ்லாமியத் தோழியிடம் இருவரும் சேர்ந்து கேட்பார்கள். விளையாட்டாகக் கேட்கும் இக்கேள்விகள் சில வேளைகளில் மனத்தைப் புண்படுத்திவிடுகின்றன. வரலாற்றிலோ இவற்றுக்காக இரத்தமே சிந்தியிருக்கிறது. ஆகவே இதற்கு விடை தேடுவது வீண் வேலை அன்று.

உருவம் வேண்டாத கலை

முதலில் உருவ வழிபாட்டை விலக்கிய சமயங்களைப் பார்ப்போம். சீனாய் மலையில் மோசே பெற்ற பத்துக் கட்டளைகள், உருவங்களைச் செய்து வணங்குவதைத் தடுக்கின்றன. ஆனால் அதே விடுதலைப் பயண நூலில், உடன்படிக்கைப் பேழையின்மேல் பொன்னால் இரண்டு கெருபுகளைச் செய்து வைக்குமாறு இறைவன் பணிக்கிறார். அந்த வேலைக்காகப் பெசலேல் என்னும் கைவினைஞரைத் தம் ஆவியால் நிரப்பினார் என்றும் படிக்கிறோம். விலக்கப்பட்டது கலை அன்று; கலையைக் கடவுளாக்குவதே என்பது இதனால் விளங்குகிறது. சிரியா நாட்டில் துரா யூரோப்பஸ் என்னும் இடத்தில் 1932-ஆம் ஆண்டு அகழ்ந்தெடுத்த யூதத் தொழுகைக்கூடத்தின் சுவர்களில் மோசேயின் வரலாறு முதலிய வேதாகமக் காட்சிகள் வண்ண ஓவியங்களாக நிறைந்திருந்தன. அவை கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

இஸ்லாம் தொழுமிடத்தில் எவ்வுருவத்தையும் அனுமதிப்பதில்லை. அதனால் அங்கே கலை இல்லாமற் போயிற்றா? இல்லை. எழுத்தே அங்கு கலையாயிற்று. எருசலேமில் 691-692 ஆண்டுகளில் எழுந்த பாறைக் குவிமாடத்தினுள் திருக்குர்ஆன் வசனங்கள் சிறு சிறு வண்ணச் சில்லுகளால் ஏறக்குறைய 240 மீட்டர் நீளத்துக்கு எழுதப்பட்டுள்ளன. நம் கீழக்கரையின் பழைய பள்ளிவாசலில் உள்ள கல் தூண்களும் கருதத்தக்கவை. கோயில் தூண்களைப் போன்றே வேலைப்பாடு அமைந்தவை அவை. ஆயினும் மனித உருவமோ விலங்கு உருவமோ அவற்றில் இல்லை. பூவும் கொடியுமே உண்டு. இறைவன் எந்த வடிவத்திலும் அடங்காதவன் என்று அந்தத் தூண்கள் தம் மௌனத்தால் கூறுகின்றன.

பௌத்த சமயத்தின் பழைய சிற்பங்கள் இன்னும் வியப்பானவை. சாஞ்சித் தோரண வாயில்களில் புத்தர் பெருமானின் வாழ்க்கை முழுவதும் செதுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் புத்தர் மட்டும் இல்லை! அவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போதி மரம், ஒரு சக்கரம், இரு பாதச் சுவடுகள், அல்லது வெறும் ஆசனம். அவர் அரண்மனையைத் துறந்து சென்ற காட்சியில் குதிரை செல்கிறது, அதன்மேல் குடை பிடித்திருக்கிறார்கள். குதிரையின்மேல் ஆளைக் காணோம். ஆசை அனைத்தையும் அவித்தவரை எவ்வாறு வடிப்பது என்று கேட்பது போல் இருக்கிறது அந்த வெற்றிடம். காந்தாரத்திலும் மதுராவிலும் புத்தரின் திருவுருவங்கள் பெருகியது பின்னாளில்தான். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் செல்வோர் அங்குள்ள அமராவதிச் சிற்பங்களில் இத்தகைய அடையாளங்களைக் காணலாம்.

உருவம் எனும் வாயில்

இனி, உருவத்தை வழிபாட்டில் ஏற்ற சமயங்களுக்கு வருவோம். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளை உலகமே போற்றுகிறது. அவற்றைச் செய்த முறை இன்றும் சுவாமிமலையில் வாழ்கிறது. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்து முதலில் மெழுகுச் சிலை செய்கிறார்கள். அதன்மேல் காவிரி வண்டல் மண்ணை மெல்லிய பூச்சாகப் பூசி, பிறகு கனமான மண்ணால் மூடுகிறார்கள். மண் கூட்டைச் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறிவிடும். அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கிறார்கள். ஆறியபின் மண் கூட்டை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். அதனால் ஒரு முறை பயன்பட்ட அச்சு மறுமுறை பயன்படுவதில்லை. ஒவ்வொரு திருமேனியும் தனிப்பிறவி.

இவ்வளவு பாடுபட்டுச் செய்தும், அந்தச் சிலை உடனே வழிபாட்டுக்கு உரியதாகிவிடுவதில்லை. கண் திறந்து, மந்திரங்களால் இறைவனை எழுந்தருளச் செய்த பின்னரே அது மூர்த்தியாகிறது. அதற்கு முன்பு அது பட்டறையில் உள்ள ஒரு பொருள்தான். களிமண் பிள்ளையாரையோ பூசை முடிந்ததும் நீரில் கரைத்துவிடுகிறார்கள். மண்ணே கடவுள் என்று எண்ணுபவர் அதைக் கரைப்பாரா? கருவறையிலுள்ள மூலவர் அசையார். உற்சவரோ, கோயிலுக்கு வர இயலாத முதியோரும் நோயாளரும் காணும்படி வீதிக்கு வருகிறார். நம் ஊர்களில் மாதாவின் சப்பரம் வீதியுலா வருவதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால், மக்களின் ஏக்கம் ஒன்றே என்பது புலப்படும்.

திருச்சபையிலும் இந்தக் கேள்வி எளிதில் தீர்ந்துவிடவில்லை. கி.பி. 600-ஆம் ஆண்டையொட்டி மார்செய் நகர ஆயர் செரேனுஸ் தம் கோவிலிலிருந்த படங்களை உடைத்தார். பாப்பரசர் பெரிய கிரகோரியார் அவருக்குக் கடிதம் எழுதினார். படங்களை வணங்க விடாமல் தடுத்தது சரியே; ஆனால் உடைத்தது தவறு; எழுத்தறிந்தவருக்கு ஏடு எப்படியோ, அப்படியே எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் படம் என்பது அவருடைய அறிவுரை.

எட்டாம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிள் பேரரசர் மூன்றாம் லியோ திருவுருவங்களுக்கு எதிராகக் கிளம்பினார். ஓவியங்கள் அழிக்கப்பட்டன, அவற்றைக் காத்த துறவிகள் துன்புறுத்தப்பட்டனர். அப்போது திருவுருவங்களுக்காக வாதாடியவர் தமஸ்கு நகரப் புனித அருளப்பர் என்னும் யோவான். அவர் எருசலேமுக்கு அருகிலுள்ள மடத்தில், இஸ்லாமிய கலீபாக்களின் ஆட்சியில் வாழ்ந்தார். அதனால் கிறிஸ்தவப் பேரரசரின் கை அவரை எட்டவில்லை! கண்ணுக்குப் புலப்படாத கடவுளை வரைய இயலாது. ஆனால் அவர் மனிதராகப் பிறந்து நம்மிடையே நடமாடியபின் அந்தத் திருமுகத்தை வரையலாம் என்பதே அவருடைய வாதம்.

787-ஆம் ஆண்டு கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கம் இதனை ஏற்றது. ஆராதனை கடவுள் ஒருவருக்கே உரியது. திருவுருவத்துக்குக் கொடுப்பது வணக்கம் மட்டுமே. அந்த வணக்கமும் உருவத்தில் தங்காமல், அது சுட்டுபவரையே சென்றடைகிறது என்று சங்கம் கற்பித்தது. தாயின் புகைப்படத்தை முத்தமிடும் மகள் காகிதத்தையா முத்தமிடுகிறாள்? "சுரூபத்தைக் கும்பிடுகிறீர்களா?" என்ற கேள்விக்கு நம் விடை இதுவே.

பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்த சபையினர் பலர் மீண்டும் உருவங்களை விலக்கினர். 1566-ஆம் ஆண்டு நெதர்லாந்துப் பகுதியில் எண்ணற்ற சுரூபங்கள் உடைந்தன. ஆயினும் அச்சபைகளும் கலையின்றி வாழவில்லை. இசை அவர்களிடம் செழித்தது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைப் பாடுவோர், கண்ணுக்கு மறுத்ததைச் செவிக்கு வழங்கிய சபைகளின் செல்வத்தை அறிவார்கள்.

கல்லை மட்டும் கண்டவர்கள்

இவ்வாறு பார்த்தால், திருக்கலைக்கு உண்மையான பகைவர் உருவத்தை ஏற்காத சமயத்தவர் அல்லர். கல்லை மட்டுமே காண்பவர்கள்தாம் அதன் பகைவர்கள். அவர்களுள் ஒருவன் உடைப்பவன். ஆப்கானிஸ்தானத்தில் பாமியான் மலையில் 55 மீட்டரும் 38 மீட்டரும் உயர்ந்த இரு புத்தர் சிலைகள் இருந்தன. முஸ்லிம் மக்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்துவந்த அதே பள்ளத்தாக்கில் அவை நின்றிருந்தன. 2001 மார்ச் மாதம் தாலிபான்கள் அவற்றை வெடி வைத்துத் தகர்த்தனர்.

மற்றொருவன் விற்பவன். 1976-ஆம் ஆண்டு, அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டியபோது பழைய நடராசர் திருமேனி ஒன்று கிடைத்தது. அது கைமாறிக் கடல் கடந்தது. 1982-இல் ஓர் அயல்நாட்டு நிறுவனம் அதை விலைக்கு வாங்கியது. லண்டன் போலீசார் அதைக் கைப்பற்றவே வழக்கு எழுந்தது. பாழடைந்து கிடந்த கோயிலின் பெயராலும், அங்கிருந்த சிவலிங்கத்தின் பெயராலும் உரிமை கோரப்பட்டது. 1988-இல் கோயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 1991-இல் அதை உறுதி செய்தது. நடராசர் தாயகம் திரும்பினார். கண்ணாடிப் பெட்டிக்குள் "சோழர் காலம்" என்ற சீட்டுடன் நிற்பதற்காக அவர் வார்க்கப்படவில்லை என்பதை ஓர் அந்நிய நாட்டின் நீதிமன்றமும் மதித்தது என்றே கூறலாம்.

இன்னொரு வகையினர் நம்மிடையேயும் உண்டு. வழக்கமான வடிவத்தையே கடவுளாகக் கருதிவிடுபவர்கள் அவர்கள். கோவாவில் 1902-இல் பிறந்த ஆஞ்செலோ த ஃபொன்சேகா சாந்திநிகேதனில் பயின்ற கத்தோலிக்க ஓவியர். அவர் தேவமாதாவைச் சேலை உடுத்த இந்தியத் தாயாக வரைந்தார். சொந்த ஊரிலேயே எதிர்ப்பு எழுந்தது. அவர் கோவாவை விட்டுப் புனே நகரில் குடியேறினார். மாதா என்றால் நீலப் போர்வையும் ஐரோப்பிய முகமும்தான் என்று பழகிய கண்களுக்கு, சேலையில் மாதா தெரியவில்லை. இத்தனைக்கும் இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் மாதாவைப் பெரியநாயகி என்னும் தமிழ்ப் பெயரால் போற்றிக் கோவில் எழுப்பியிருந்தார். அங்கு அன்னை சேலை உடுத்தியே காட்சி தருகிறாள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்று தெளிவாகக் கூறியது. ஃபொன்சேகா 1967-இல் மறைந்தார். இன்று அவருடைய ஓவியங்கள் போற்றிப் பாதுகாக்கப்படுகின்றன.

முதல் திருவுருவம்

அன்புத் தோழியரே! தோழியின் கோவிலுக்கோ பள்ளிவாசலுக்கோ செல்லும்போது, "இது என்ன சிலை? இங்கே ஏன் ஒன்றுமே இல்லை?" என்று கேட்பதை விடுத்து, "இதன் வழியாக நீ யாரைக் காண்கிறாய்?" என்று கேட்டுப் பார்ப்போம். அந்த ஒரு கேள்வி சண்டையை உரையாடலாக மாற்றிவிடும்.

இறுதியாக ஒன்று. தொடக்கநூலின்படி கடவுள் தம் சாயலில் செய்த முதல் திருவுருவம் மனிதன்தான். அதற்குக் கண் திறந்தவர் அவரே. ஆலயத்தில் கிறிஸ்துவைப் பட்டால் அலங்கரித்துவிட்டு, வெளியே ஆடையின்றி வாடும் கிறிஸ்துவைக் கடந்து செல்லாதீர்கள் என்ற கருத்துப்பட நான்காம் நூற்றாண்டிலேயே புனித கிறிசோஸ்தோம் அருளப்பர் பிரசங்கித்தார். சுரூபத்தின் முன் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மாளை ஒருமையில் ஏசுகிறோம் என்றால், நாம் இன்னும் கல்லைத்தான் கண்டுகொண்டிருக்கிறோம். கல்லில் கடவுளைக் காணக் கற்ற கண்கள், மனிதரில் அவரைக் காணத் தவறாதிருக்கட்டும்!