கதவு எண் பூஜ்யம்

கணினி நினைவகத்தில் ஒவ்வொரு பைட்டுக்கும் ஒரு கதவு எண் உண்டு. அந்த எண்ணைக் குறித்துவைக்கும் துண்டுச்சீட்டுக்குப் பெயர் பாயின்டர். போக வேண்டிய இடம் இன்னும் முடிவாகாத சீட்டில் பூஜ்யத்தைப் போட்டுவைப்பது வழக்கம். பூஜ்யத்தில் யாரும் குடியிருப்பதில்லை. தவறிப்போய் அங்கே கதவைத் தட்டும் நிரல் அந்த இடத்திலேயே படுத்துவிடும். எரிச்சல்தான், ஆனால் ஆபத்தில்லை.

அந்தக் காலி மனையில் ஒருவர் முன்கூட்டியே குடியேறிவிட்டால்தான் வம்பு. லினக்ஸில் ஒரு சாதாரணப் பயனரின் நிரல், எம்மேப் என்ற அழைப்பின் மூலம் 'இந்த எண்ணில் இடம் கொடு' என்று இயங்குதளத்தின் மையமான கெர்னலிடம் கேட்கலாம். பூஜ்யத்தையே கேட்டு வாங்கி, கெர்னலில் உள்ள ஒரு பிழையைக் கிளறிவிட்டால், பூஜ்யச் சீட்டோடு வரும் கெர்னல் அங்கே அந்த நிரல் வைத்திருப்பதை நம்பிவிடும். கெர்னலின் அதிகாரத்துக்கு மேல் கணினியில் வேறு அதிகாரம் கிடையாது. இதைத் தடுக்க 2007-ல் கெர்னலின் 2.6.23 பதிப்பில் ஒரு வரம்பு வந்தது. பல லினக்ஸ் வெளியீடுகளில் அது 65,536. அதற்குக் கீழே சாதாரணப் பயனருக்கு இடமில்லை.

பூஜ்யம் யாருக்குத்தான் வேண்டும்? டாஸ் காலத்து நிரல்களுக்கு வேண்டும். 8086 சில்லு தன் குறுக்கீட்டு அட்டவணையைப் பூஜ்யத்திலிருந்துதான் அடுக்கியது. 16-பிட் விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் மென்பொருளும் அதனால் கீழ் எண்களைக் கேட்டது.

செலினக்ஸ் சறுக்கியது இங்கேதான். லினக்ஸுக்காக அமெரிக்க உளவு அமைப்பான என்எஸ்ஏ உருவாக்கிய கூடுதல் காவல் அது. வலைச்சேவைகளைக் கட்டிப்போட்டுவிட்டு, உள்ளே நுழைந்த பயனரை அவர் போக்கில் விடுவது ஃபெடோரா, ரெட் ஹாட் ஆகிய லினக்ஸ் வெளியீடுகளின் செலினக்ஸ் கொள்கையில் இயல்புநிலை. அந்தப் பயனருக்குப் பூஜ்யத்தைப் பிடிக்கும் அனுமதியும் கிடைத்தது. செலினக்ஸ் இயங்கும்போது கெர்னலின் பழைய வரம்பு சோதிக்கப்படவே இல்லை. அதன் இடத்தில் செலினக்ஸின் சோதனை உட்கார்ந்திருந்தது. காவலைக் கூட்டியவர் வீட்டில் பூட்டு ஒன்று குறைந்தது!

2009 ஜூலையில் பாதுகாப்பு ஆய்வாளர் பிராட் ஸ்பெங்லர் இதைச் செய்தே காட்டினார். அவர் பயன்படுத்திய டன் என்ற வலையமைப்பு டிரைவரின் பிழை இன்னும் வேடிக்கை. நிரலர் பூஜ்யமா என்று சோதிக்கத்தான் செய்திருந்தார், ஆனால் சீட்டைப் பயன்படுத்திய பிறகு. 'ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று, எனவே பூஜ்யமாக இருக்க முடியாது' என்று முடிவுகட்டிய கம்பைலர், அதாவது நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருள், அந்தச் சோதனையையே தூக்கிவிட்டது.

கொள்கை எழுதியவர்களைக் குறைசொல்வது எளிது. தடுத்திருந்தால் வைனில் பழைய விளையாட்டு ஓடாதவர் அன்றைக்கே கூச்சல் போட்டிருப்பார். திறந்துவைத்தால் நாசமாகப்போகிறவருக்கு அது நடக்கும்வரை தெரியாது. கூச்சல் வரும் பக்கமே இயல்புநிலை சாய்கிறது.

2009 செப்டம்பரில் வந்த கெர்னலின் 2.6.31 பதிப்பிலிருந்து இரண்டு சோதனைகளையும் தாண்டியாக வேண்டும். ஃபெடோராவிலும் அந்த அனுமதி தனி ஸ்விட்ச் ஆனது. நிறுவும்போது அணைந்தே வருகிறது. பழைய விளையாட்டு வேண்டுமென்பவர் ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, நுழைந்து அந்த ஸ்விட்சைத் தானே போட்டுக்கொள்ளலாம்.